பேட்ச் போட்டபின் சர்வரில் மிரர் விழாமல் இருக்க: மலையில் சின்ன ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடை, கழிவு, மாதப் பட்டுவாடா எல்லாம் ஒரே சர்வரில் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம், இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும் மிரர் ஏற்பாடு. ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும் என்று நம்பியிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, லைன் மேல் மரம் விழுந்து கரண்ட் போனது. காலையில் எடைக்காரர் வந்து, "சார், கரண்ட் வந்தாச்சு, கம்ப்யூட்டர் மட்டும் வரலை" என்றார். போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை. ஏதோ ஒரு 'சிம்பல்' கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்று இரண்டு சொல். அவ்வளவுதான். மதியத்துக்கு மேல் இலை வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டு நாள் எடையைத் துண்டுச் சீட்டில் எழுதினோம். மழையில் நனைந்த சீட்டில் எட்டா மூன்றா என்று தெரியாமல் ஒரு பெரியவரிடம் மறுபடி கேட்க நேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, அது அவருடைய மாதச் சம்பாத்தியம்.

கரண்ட்தான் கெடுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் கெடுதல் மூன்று வாரத்துக்கு முன்பே, தானாக இறங்கிய ஒரு அப்டேட்டோடு (பேட்ச் என்பதும் இதுதான்) உள்ளே வந்துவிட்டது. அதுவரை சர்வர் ரீஸ்டார்ட் ஆகவே இல்லை, அதனால் வெளியே தெரியவில்லை. இரண்டு டிஸ்க்கும் முழு ஆரோக்கியமாக இருந்தன. பூட் ஆகும்போது மற்ற டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எழுந்திருக்கும். அது தெரியாமல் இரண்டு நாள் போனது. உங்களுக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உபுண்டு, டெபியன் வகை சர்வரில், டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் மதர்போர்டின் ரெய்டு வசதியைப் பயன்படுத்தாமல் லினக்ஸே செய்யும் மிரர் வைத்திருப்பவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், கீபோர்டில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

காகித நோட்டு. சர்வர் விழுந்த அன்று சர்வருக்குள் இருக்கும் குறிப்பு எதற்கும் உதவாது. அதில் எழுத வேண்டியவை:

- ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பர், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி. ஜிஎஸ்டி பில்லின் நகலை அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.
- எந்த டிஸ்க் எந்தக் கேபிளில், கேஸில் மேலா கீழா.
- மிரரின் பெயர், அதில் எந்தெந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) இருக்கிறது.
- எந்த டிஸ்க்கில் இருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு வர எந்தக் கீயை அழுத்த வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எஃப்8, எஃப்11, எஃப்12 என்று. விழுந்த அன்று இதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.
- அட்மின் பாஸ்வேர்டு, தனி உறையில், முதலாளியின் பீரோவில்.

சீரியல் நம்பரை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் நிலையானவை அல்ல. கேபிள் மாறினாலோ புது கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ரீஸ்டார்ட் ஆனாலோ இடம் மாறலாம். நேற்று ஏ என்று இருந்தது இன்று பி ஆகிவிட்டால், கெட்ட டிஸ்க் என்று நினைத்து நல்லதைக் கழற்றிவிடுவோம். சீரியல் மாறாது. டிஸ்க்கின் ஸ்டிக்கரில் இருப்பது பெரும்பாலும் கேபிள் பக்கம் மறைந்துபோகும், ஆகவே கடைசி நான்கு எழுத்துகளை மார்க்கரில் ஒரு சீட்டில் எழுதி, கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

2. மிரர் இன்றைக்கு முழுசாக இருக்கிறதா?

'கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்' என்று அடியுங்கள். சதுர அடைப்புக்குள் இரண்டு 'யூ' எழுத்து தெரிந்தால் இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கின்றன. ஒரு யூவும் ஓர் அடிக்கோடும் தெரிந்தால் மிரர் ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்த நிலையில் எந்தப் பேட்ச்சும் போடக் கூடாது, முதலில் மிரரைச் சரிசெய்யுங்கள்.

ஒற்றைக் காலில் நிற்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே போகலாம். கணக்கு ஓடும், பிரிண்ட் வரும், எல்லாம் வழக்கம்போல நடக்கும். மிரர் உடைந்தால் மெயில் அனுப்பும் வசதி, மிரரை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் என்ற மென்பொருளில் உண்டு. ஆனால் முகவரி கொடுத்து, சர்வரில் இருந்து மெயில் வெளியே போகும்படி அமைத்தால்தான் அது வந்து சேரும். இல்லையென்றால் சர்வருக்குள்ளேயே யாரும் திறக்காத பெட்டியில் விழுந்து கிடக்கும். மழையில் நெட் அடிக்கடி போகிற ஊரில் நான் மெயிலை மட்டும் நம்புவதில்லை. திங்கட்கிழமை காலை முதல் வேலையாக எம்டிஸ்டாட் பார்த்து, நோட்டில் தேதியும் கையெழுத்தும் போடுகிறேன்.

அடுத்து, டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல்'. நீளமான பட்டியல் வரும், நான்கு வரிசை எண்கள் போதும்: 5, 197, 198, 199. முதல் மூன்றில் வலது ஓரத்து எண் பூஜ்யத்தில் இருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க் தேய்கிறது என்று பொருள், புதிதுக்கு ஆர்டர் கொடுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. எங்கள் ஆபீஸில் சுவரே வியர்க்கும், அதனால் சர்வரைச் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் படாமல் வைத்திருக்கிறேன்.

3. பேக்கப்

மிரர் பேக்கப் ஆகாது. தவறாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதில் இருந்து ஒரு ஃபைலையாவது வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

4. இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாக எழுந்திருக்குமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மிரர் உங்கள் ஃபைல்களைத்தான் இரட்டிப்பாக வைக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்பும் க்ரப் என்ற பூட் லோடரின் முதல் துண்டு மிரருக்கு வெளியே, ஒவ்வொரு டிஸ்க்கின் தொடக்கத்திலும் தனியாக உட்கார்ந்திருக்கும். மீதித் துண்டுகள் மிரருக்குள் இருக்கும். க்ரப்புக்கு அப்டேட் வந்தால் உள்ளே இருப்பவை புதிதாகும், வெளியே இருக்கும் முதல் துண்டு, பட்டியலில் பதிவான டிஸ்க்கில் மட்டும்தான் புதிதாகும். பதிவாகாத டிஸ்க்கில் பழைய துண்டு அப்படியே கிடக்கும். பழைய துண்டு புதுத் துண்டுகளோடு சேர முயன்று தோற்கும். எனக்கு நேர்ந்தது இதுதான்.

போன வருடம் ஒரு டிஸ்க் போனபோது ஆள் வந்து புதிது மாட்டினார். கையாலேயே க்ரப்பை அதில் ஏற்றினார், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பில்) அதையே முதல் டிஸ்க்காகவும் வைத்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அன்றைக்குச் சர்வரும் எழுந்தது. ஆனால் கையால் ஏற்றுவது அந்தப் பதிவுப் பட்டியலில் சேராது. அடுத்த அப்டேட் பழைய டிஸ்க்கைத்தான் புதுப்பித்தது, கம்ப்யூட்டரோ புது டிஸ்க்கில் இருந்து எழ முயன்றது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2020 ஜூலை இறுதியில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க க்ரப்புக்குப் பேட்ச் வந்தபோது, 'க்ரப்_கேலாக்' என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு உலகம் முழுக்க நிறைய சர்வர்கள் இதே மாதிரி நின்றன.

சரி, என்ன செய்ய வேண்டும்? 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-பிசி' கொடுங்கள். ஒன்றிரண்டு கேள்விகளுக்குப் பிறகு டிஸ்க் பட்டியல் வரும். ஸ்பேஸ் பாரால் இரண்டு டிஸ்க்கையும் டிக் செய்யுங்கள். பார்ட்டிஷன்களும் மிரரின் பெயரும் பட்டியலில் தெரிந்தால் தொடாதீர்கள், முழு டிஸ்க்குகள் மட்டும் போதும். ஒவ்வொரு முறை டிஸ்க் மாற்றிய பின்னும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் எழும் புதிய மெஷின்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பூட் லோடரை வைத்திருக்கும் இஎஃப்ஐ என்ற சின்னப் பார்ட்டிஷன் உண்டு, சாதாரணமாக அது மிரரில் இருக்காது. உபுண்டு 20.04 முதல் 'க்ரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64' என்பதை ரீகான்ஃபிகர் செய்தால் இரண்டு இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் தேர்ந்தெடுக்கலாம். டெபியனில் நீங்களே நகலெடுக்க வேண்டும். இதில் ஒரு பொறியும் இருக்கிறது. எழும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் இஎஃப்ஐ வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் இல்லாவிட்டால், அந்த டிஸ்க் போன அன்று சர்வர் 90 விநாடி காத்துவிட்டு எமர்ஜென்சி திரையில் நின்றுவிடும். மிரர் நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே போக முடியாது.

அப்புறம் சோதனை. சர்வரை முழுசாக நிறுத்தி, பவர் கேபிளைப் பிடுங்கி, ஒரு டிஸ்க்கின் டேட்டா கேபிளை மட்டும் கழற்றுங்கள். ஆன் செய்யுங்கள். வழக்கத்தைவிட அரை நிமிடம் அதிகமாக எடுக்கலாம், காணாமல் போன டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். எழுந்தால் நல்லது. நிறுத்தி, கேபிளை மாட்டி, திரும்ப ஆன் செய்து அந்த டிஸ்க்கை மிரரில் சேருங்கள். இரண்டு யூவும் வந்த பிறகுதான் மற்ற டிஸ்க்கைக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

நடுவில் சேர்க்காமல், ஏ-யை மட்டும் வைத்து ஒரு முறை, உடனே பி-யை மட்டும் வைத்து ஒரு முறை என்று எழுப்பாதீர்கள். இரண்டும் தனித்தனியாக எழுதிக்கொண்டு ஆளுக்கொரு கதை சொல்லும். எது சரி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

5. நாளையும் நேரத்தையும் நீங்கள் தேர்ந்தெடுங்கள்

உபுண்டு சர்வர் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே இறக்கிப் போட்டுக்கொள்ளும், ஆனால் தானாக ரீஸ்டார்ட் செய்யாது. ஆக, போட்ட பேட்ச் எல்லாம் சோதிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். மலையில் அந்த ரீஸ்டார்ட்டைச் செய்வது மின்தடைதான், அதுவும் நடுராத்திரியில், மழையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. லாகின் செய்ததும் ரீஸ்டார்ட் தேவை என்ற வரி தெரிந்தால் பத்து நாளுக்கு மேல் தள்ளாதீர்கள்.

நான் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை ஏழு மணியை வைத்திருக்கிறேன். முதல் ஞாயிறு வேண்டாம். அன்று அதிகாலை மிரரைத் தானாகச் சரிபார்க்கும் வேலை ஓடும், பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் எடுக்கும். இலை எங்களுக்கு மதியத்துக்கு மேல்தான் வரும், ஆகவே ஏதாவது ஆனாலும் ஆறு மணி நேரம் கையில் இருக்கும். உங்களுடையது தங்கும் விடுதியாக இருந்தால் செக்-அவுட் முடிந்து செக்-இன் தொடங்கும் முன் உள்ள இடைவெளி சரியாக இருக்கும், ஏப்ரல், மே சீசனில் அதுவும் வேண்டாம்.

வெளியூர் ஆளை நம்பியிருந்தால் இன்னொன்று. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், டிஎன் 43 பதிவு வண்டிகளுக்கு வேண்டியதில்லை. கோவையில் இருந்து சர்வீஸ் ஆள் சொந்தக் காரில் வருவதாக இருந்தால் பாஸ் போடச் சொல்லிவிடுங்கள், பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பாஸ் இருந்தும் வர முடியாது. நான் ஐப்பசி, கார்த்திகையில் பெரிய அப்டேட் எதையும் தொடுவதில்லை.

6. பேட்ச் போடும் காலை

- யுபிஎஸ் சார்ஜ் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
- 'டிஎஃப்' கொடுத்து பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டால் புதியது பாதியில் நிற்கும், அந்தப் பாதிதான் அடுத்த முறை எழ முயலும்.
- மிரரின் விவரம் 'எம்டிஏடிஎம்.கான்ஃப்' ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மிரரின் பெயர் எம்டி0 என்று இருந்தது எம்டி127 என்ற பெயரில் எழும், அந்தப் பெயரை நம்பியிருக்கும் எல்லாம் தேடித் தவிக்கும். கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் பூட் படிமம் புதிதாகக் கட்டப்படுவதால், என்றோ செய்த இந்தத் தவறு இன்று வெளிவரும். சரிசெய்த பின் அந்தப் படிமத்தைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுக்க மறக்காதீர்கள்.

பேட்ச் போடும் முன் மிரரில் இருந்து ஒரு டிஸ்க்கைப் பிரித்து வைத்துவிடலாமா என்று கேட்பார்கள். அது பழைய யூனிக்ஸ் ஆட்களின் வழக்கம். பேட்ச் கெடுத்தால் பிரித்து வைத்தது பழைய நிலையில் இருக்கும். என் கருத்து: மாதாந்தரப் பேட்ச்சுக்குத் தேவையில்லை. பழைய கெர்னல் மெனுவிலேயே இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து எழலாம். இயங்குதளத்தின் பதிப்பே மாறும் அப்டேட்டுக்கு மட்டும், சர்வரை நிறுத்தி ஒரு டிஸ்க்கைக் கழற்றி, சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள். இரண்டு நாள் எல்லாம் ஓடிய பிறகு சேர்க்கலாம். அந்த இரண்டு நாளும் நீங்கள் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

போட்டு முடிந்ததும் உடனே ரீஸ்டார்ட். எழுந்ததும் எம்டிஸ்டாட், பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்து டேலியோ உங்கள் கணக்கு மென்பொருளோ திறக்கிறதா என்று பாருங்கள். நோட்டில் எழுதுங்கள்.

7. எழவில்லை என்றால்

கையைக் கட்டிக்கொண்டு திரையை ஃபோட்டோ எடுங்கள். பிறகு இந்த வரிசை:

முதலில் பூட் மெனுவில் மற்ற டிஸ்க். அதுவும் இல்லையென்றால், க்ரப் மெனு வருகிறதென்றால் பழைய கெர்னல். இரண்டும் இல்லையென்றால்தான் லைவ் பென் டிரைவ் (அதில் இருந்தே லினக்ஸ் எழும்), அதையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள்.

எழுந்துவிட்டது, ஆனால் ஒரு யூ காணவில்லை என்றால், சீரியல் பார்த்து எது வெளியே என்று கண்டுபிடியுங்கள். கேபிளை அழுத்திப் பாருங்கள், ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் 'எம்டிஏடிஎம்' கட்டளையில் 'ஆட்' கொடுத்துச் சேர்க்கலாம். எந்தச் சூழலிலும் 'கிரியேட்' கொடுக்காதீர்கள். ஃபோனில் யாராவது "திரும்ப கிரியேட் பண்ணுங்க, சரியாயிடும்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். அது புது மிரர் கட்டும் கட்டளை, ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே இருப்பது போய்விடும்.

புது டிஸ்க் என்றால் முதலில் பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்க வேண்டும். 'எஸ்ஜிடிஸ்க் -ஆர்' கட்டளையில் பெரிய ஆர். இதில் புது டிஸ்க்கின் பெயர் முதலில், பழையது கடைசியில் வரும். நம் மனதுக்கு இயல்பாக வருவது இதற்கு நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் ஏறும். நான் இதை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், அடித்த பிறகு எண்டர் தட்டும் முன் இன்னொருவரை வாசிக்கச் சொல்கிறேன். பிறகு தனி அடையாள எண் தரும் 'எஸ்ஜிடிஸ்க் -ஜி', இதிலும் பெரிய ஜி, புது டிஸ்க்குக்கு மட்டும். அதன் பிறகு ஆட். கடைசியாக நான்காம் படியில் சொன்ன க்ரப்.

2 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் ஒத்திசைய நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஆபீஸ் வேலையும் நடந்தால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, ஆனால் யுபிஎஸ் இல்லாமல் ஓட விடாதீர்கள்.

விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி: டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ஃபெயில்டு ரிடண்டன்சி' என்று தெரிந்தால் அதுதான் ஒற்றைக் கால். பூட் மெனுவில் 'செகண்டரி ப்ளெக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதன் வழியாக ஒரு முறை எழுப்பிச் சோதித்து வையுங்கள்.

8. செலவு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். நாள் முழுக்க ஓடத் தகுந்த 2 டிபி நாஸ் வகை டிஸ்க் 8,000 ரூபாய்க்குப் பக்கம். 1 கேவிஏ யுபிஎஸ் 6,500. பென் டிரைவ் 400. கோவையில் இருந்து ஆள் வர வண்டிச் செலவு சேர்த்து 3,500. மாற்று டிஸ்க் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள், மண் சரிந்த வாரத்தில் கூரியர் எப்போது மேலே ஏறும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வாங்கியதும் ஒரு முறை மாட்டி முழுசாகச் சோதித்துவிட்டு வையுங்கள், பெட்டியிலேயே கெட்டு வருவதும் உண்டு. இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் இருந்து வாங்காமல், சில மாத இடைவெளியில் வாங்கினால் இன்னும் நல்லது.

வாரண்டியில் மாற்ற அனுப்பும் டிஸ்க்கில் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் இருக்கும். டிஸ்க் இன்னும் இயங்கினால் முழுசாக அழித்துவிட்டு அனுப்புங்கள். இயங்கவே இல்லையென்றால் நான் வாரண்டியை விட்டுவிட்டேன், டிஸ்க்கை அனுப்பவில்லை. அது இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.